கெட்டித் தரை

சம்மதப் படிவத்தில் 'திசு விறைப்பு' என்று அச்சடித்திருந்தோம்.
மூன்று பேர் கூடி உட்கார்ந்து தேடிய சொல்.
செய்யதலி பாத்திமா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு
"வெறைப்பு போலீஸ்காரனுக்குல்லா இருக்கும்" என்றாள்.
பாளையங்கோட்டை, ஆஸ்பத்திரி இரண்டாம் மாடி,
ஓடாத மின்விசிறி.
மேலப்பாளையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

முதலில் கண்டுபிடித்தது மிஷின் இல்லை, அவள்தான்.
முப்பத்தோரு வருஷம் பீடி இலை தொட்ட விரல்.
ராத்திரி நனைத்து, ஈரச்சாக்கில் பொதிந்து வைத்து,
விடியலில் ஓர் இலையை மட்டும் மடக்கிப் பார்க்கும் விரல்.
ஈரம் போதாவிட்டால் நரம்போடு முறியும்,
ஏறிவிட்டால் சுருள் நிற்காது.
குளிக்கையில் இடது பக்கம்
அந்த விரலுக்கு மடங்காத ஒன்று தட்டுப்பட்டது.
"சவம், ஊறவே இல்லையேன்னு நெனச்சேன்."

கீழே ஸ்கேன் அறையில் திரை நீலமாயிற்று.
எங்கள் மிஷினில் நீலம் என்றால் இறுக்கம்.

"ஒரு சோறு பதம்னு ஊசி போட்டு எடுத்தாச்சு.
பொறவு உங்களுக்கு எதுக்கு இன்னொரு துணுக்கு?"

சோற்றைப் பார்க்க வேறு ஆள் இருக்கிறார்கள்,
நான் பானையைப் பார்க்கிறவள் என்றேன்.
ஒரே புற்றணுவை இரண்டு தட்டில் வளர்க்கிறேன்.
ஒன்றின் தரை இளநுங்கு,
மற்றதன் தரை முற்றிப்போன கடுக்காய் நுங்கு.
இளசில் அணு உருண்டு ஒடுங்கிக்கொள்ளும்,
பக்கத்து அணுவோடு ஒட்டிக்கொண்டு.
கடுக்காயில் அகலும், கால் முளைக்கும்,
தரையைப் பற்றி இழுக்கும்.
இழுபட்ட தரை இன்னும் முறுகும்.
அந்த முறுக்கம் அணுவின் உட்கருவரை போய்
'பெருகு' என்று சொல்லும்.

"கல்லுன்னா கெடந்த எடத்துலதானே கெடக்கும்?
இது எப்படி நடக்கும்?"

ஐந்து வருஷத்தில் எந்தக் கருத்தரங்கிலும்
யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.

மானூர்க் கரிசலில் ஐப்பசி மழைக்கு இறங்கினால்
மண் செருப்பை விடாது,
காலையும் சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளும்.
சித்திரையில் அதே மண்மேல் லாரி போகிறது.
கல் நடப்பதில்லை, பாத்திமா.
கல்லின்மேல் நடக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
முந்தானை நுனியை விரலில் சுற்றி அவிழ்த்தாள்.
"அப்ப, அதுவே ரோடு போட்டுக்கிடுதா?"
ஆமாம். அக்கம்பக்கத்து நல்ல அணுக்களையும்
கூலிக்குப் பிடித்து, நாராய் நாராய்ப் பரப்பி.
"எங்க தெருவுக்கு இன்னும் போடலியே" என்று சொல்லி
கையெழுத்துப் போட்டாள்.
ஃபாவை மட்டும் கொஞ்சம் அழுத்தி.

அவளிடம் சொல்லாமல் விட்டது ஒன்று.
கெட்டியில் பத்து நாள் கிடந்த அணுவை
இளநுங்குத் தரைக்கு மாற்றினேன்.
ஒடுங்கும் என்று நோட்டில் முன்கூட்டியே எழுதியிருந்தேன்.
மூன்றாம் நாளும் கால் நீட்டிக்கொண்டிருந்தது,
தரை மாறியதை யாரும் சொல்லாததுபோல.
நோட்டில் அந்த வரியை அடித்தேன்.
வேறு எதையும் எழுதவில்லை.

அறுவைக்கு முந்தின இரவு வார்டுக்குப் போனேன்.
ஊசியின் தயவில் தூங்கியிருந்தாள்.
மகள் ஸமீஹா போர்வையை ஒதுக்கிக் காட்டினாள்.
பஞ்சு மெத்தைமேல் இரண்டு கையும்
இலையில்லாமல், தூளில்லாமல், நூலில்லாமல்
சுருட்டிக்கொண்டிருந்தன.

"உம்மாக்கு ஆயிரம் முடிஞ்சாத்தான் கை நிக்கும்."